ஒரே பிரட்டு, ஆளுக்கொரு சம்பளம்: தோட்டக் கூலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், ஈப்போவிலிருந்து வடக்கே அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் சுங்கை சிப்புட். பட்டணம் என்று சொல்கிறோமே தவிர, சுற்றிலும் செம்பனையும் மிச்சமிருக்கும் பால்மரமும் (ரப்பர் மரம்)தான். இங்கே ஒரு தோட்ட ஆபீசில் 22 வருடம் கிராணியாக (கணக்கு எழுதும் குமாஸ்தாவாக) இருந்தேன். இப்போது சனிக்கிழமை காலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்பிக் கொடுக்கிறேன். பாதிப் பேர் சம்பளச் சீட்டோடுதான் வருவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், ஆள்தான் வேறு. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

கேள்வி: இப்போது சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு?

மாதம் 1,700 ரிங்கிட். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதல், மற்றவர்களுக்கு ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்தது. வாரம் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் 38 சென். மணிக் கணக்கென்றால் 8 ரிங்கிட் 72 சென்.

இது அடிப்படைச் சம்பளம். ஓவர்டைம், அலவன்ஸ் எல்லாம் சேர்த்து 1,700 வந்தால் போதும் என்று யாராவது சொன்னால் அது தப்புக் கணக்கு. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் இந்த உத்தரவு பொருந்தாது. அந்நியத் தொழிலாளருக்குப் பொருந்தும். பலர் பொருந்தாது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சட்டம் நமக்குப் புதியதுதான். தீபகற்ப மலேசியாவில் 2013-இல்தான் முதல்முறையாக 900 ரிங்கிட் என்று போட்டார்கள். 2016-இல் 1,000, 2019-இல் 1,100. 2020-இல் ஒரு கூத்து நடந்தது: மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 1,200, மற்ற இடங்களில் பழைய 1,100. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கூலி, அந்தப் பக்கம் ஒரு கூலி. 2022-இல் 1,500 ஆனபோதுதான் அந்தக் கோடு அழிந்தது.

கேள்வி: நான் டன் கணக்கில் செம்பனைக் குலை வெட்டுகிறேன். எனக்கும் 1,700 உண்டா?

உண்டு. டன், எண்ணிக்கை, நிரை, டிரிப், கமிஷன் என்று எந்தக் கணக்கில் கூலி வாங்கினாலும் மாதக் கூலி 1,700-க்குக் குறையக்கூடாது என்று உத்தரவிலேயே இருக்கிறது. தோட்டத்தில் அதிகம் மறைக்கப்படுவதும் இந்த வரிதான். மறைக்கப்படுகிறது என்றால் யாரும் பூட்டி வைக்கவில்லை, யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டன்னுக்கு 40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள் (இது உதாரணம், உங்கள் தோட்டத்து ரேட்டைப் போட்டுக்கொள்ளலாம்). ஒரு குலை 20 கிலோ என்றால், ஒன்றரை டன்னுக்கு 75 குலை. அந்த 75 குலையையும் நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் அண்ணாந்து பார்த்து வெட்டி, மட்டையை ஒதுக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, சேற்றில் தள்ளிக்கொண்டு வந்து சாலையோரம் அடுக்கினால் நாளைக்கு 60 ரிங்கிட். 24 நாளுக்கு 1,440. மீதி 260 ரிங்கிட்டைத் தோட்டம்தான் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் காய்ப்புக் குறையும் மாதங்கள் வரும். ஒரு டன் தேறுவதே பெரும்பாடு. அப்போது உங்கள் கணக்கு 960, தோட்டம் சேர்க்க வேண்டியது 740. இங்கேதான் தகராறு ஆரம்பிக்கும். "நீ சரியாக வேலை செய்யவில்லை, உனக்கு எதற்கு முழுச் சம்பளம்?" என்பார்கள். மரத்தில் பழம் இல்லாதது வெட்டுகிறவன் குற்றமா? என் நாற்காலியில் இருந்தவரை இதை நான் வாய்விட்டுக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்ட நாளுக்கு யாரும் இந்தப் பாதுகாப்பைத் தர மாட்டார்கள். வந்த நாளுக்குத்தான் பேச முடியும்.

கேள்வி: பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போனேன், "இன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போ" என்றார்கள். அந்த நாள் சம்பளம் போச்சா?

நாள் கணக்கில் கூலி வாங்கும் தோட்டத் தொழிலாளி என்றால், போகவில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 16-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, தோட்டத் தொழிலாளர்களுக்காகவே எழுதியது. மாதம் குறைந்தது 24 நாள் வேலை கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால், வேலைக்குத் தயாராக இருந்தவருக்கு அந்த நாள்களுக்கும் வேலை செய்தது போலவே கூலி தர வேண்டும். தயாராக இருந்தாரா இல்லையா என்று வாக்குவாதம் வந்தால், அதைத் தீர்த்து வைப்பது தொழிலாளர் இலாகா, மண்டோர் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி) இல்லை.

என் அம்மா பால் மரம் வெட்டியவர். விடியற்காலை மழை பிடித்தால் மரத்துப் பட்டை நனைந்துவிடும், வெட்ட முடியாது. அந்த மாதிரி நாள்களில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் முக்காட்டுத் துணியோடு உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நவம்பர் மாதம் அவர் கணக்கில் 17 நாள்தான் விழுந்தது. மீதி ஏழு நாளைக் கேட்கலாம் என்று அவருக்கும் தெரியாது, கிராணிக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லவில்லை. பிறகு நான் அதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்த 17 என்ற எண் அடிக்கடி ஞாபகத்துக்கு வரும்.

கேள்வி: 1,700 என்கிறார்கள், கையில் 1,500 தானே வருகிறது?

சரியாகத்தான் வருகிறது. ஊழியர் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட். சொக்சோவுக்கும் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்புறுதிக்கும் சேர்த்து இன்னொரு பத்துப் பன்னிரண்டு ரிங்கிட். ஆக 1,500-ஐ ஒட்டி நிற்கும். சேமநிதியில் முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 ரிங்கிட். அது கட்டப்படுகிறதா என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம், பாருங்கள்.

முன்பணம், கடைக் கடன் என்று பிடிக்கிற பிடித்தமும் உண்டு. மொத்தப் பிடித்தம் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. பழுக்காத குலை வெட்டியதற்கு அபராதம், அரிவாள் தொலைந்ததற்கு இவ்வளவு என்று சீட்டில் எழுதியிருந்தால், எந்தப் பிரிவின் கீழ் பிடித்தீர்கள் என்று கேளுங்கள். சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்களுக்குப் பட்டியல் இருக்கிறது, வாய்க்கு வந்ததையெல்லாம் பிடிக்க முடியாது.

கேள்வி: ஒரே தோட்டத்தில் வேலை செய்கிறோம். ஏன் ஆளுக்கு ஆள் இவ்வளவு வித்தியாசம்?

உழைப்பு வித்தியாசம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் சம்பளப் புத்தகம் எழுதியவன், எனக்குத் தெரிந்தவரை வித்தியாசம் எண்ணுகிற முறையில்தான் இருக்கிறது. மேனேஜரை மாதத்தால் எண்ணுகிறார்கள், மழை பெய்தாலும் அவர் மாதம் முழு மாதம்தான். கிராணி, மண்டோரும் அப்படியே. மருந்து அடிக்கிறவர், உரம் போடுகிறவரை நாளால் எண்ணுகிறார்கள். குலை வெட்டுகிறவரை எடையால். உதிரிப் பழம் பொறுக்குகிறவரைச் சாக்கால். கீழே போகப் போக மழையும் காய்ப்பும் விலையும் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். காய்ப்பு நன்றாக இருக்கிற மாதம், திடகாத்திரமான ஓர் ஆள் குலை வெட்டி மண்டோரைவிட அதிகம் வாங்கியதை நானே எழுதியிருக்கிறேன். அடுத்த மூன்று மாதத்தில் அதே ஆள் என்னிடம் முன்பணத்துக்கு நின்றதையும் எழுதியிருக்கிறேன்.

குத்தகை இன்னொரு படி. தோட்டம் நேரடியாக ஆள் வைக்காமல் குத்தகைக்காரரிடம் விட்டுவிடும். தோட்டம் கொடுக்கிற டன் ரேட்டில் அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் உங்களுக்குத் தருவார். அவர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால் கை கழுவ வேண்டியதில்லை: 33-ஆவது பிரிவின்படி வேலையைக் கொடுத்த தோட்டமும் பொறுப்பு, தொடர்ந்து மூன்று மாதச் சம்பளம் வரைக்கும். ஆனால் சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். "பாவம், பணம் வந்ததும் தந்துவிடுவார்" என்று காத்திருந்தே பலர் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: என் மனைவி என்னோடு காட்டுக்கு வந்து உதிரி பொறுக்குகிறார். அவர் பெயர் கணக்கில் இல்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு. ஏனென்றால் அது கேள்வியாகவே யாருக்கும் படுவதில்லை.

குலை விழும்போது பழம் சிதறும். பழுத்து உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் அதிகம், அதனால் ஆலைக்கு அது வேண்டும். மட்டையின் முள்ளுக்கு நடுவே, புல்லுக்குள்ளே, குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும். கணவர் வெட்டிக்கொண்டே அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். நின்று பொறுக்கினால் அவர் டன் குறையும். அதனால் மனைவி வருகிறார். சீட்டில் ஒரே பெயர், ஒரே எண். அந்தச் சம்பளம் 2,300 என்றால், வீட்டில் "அவர் 2,300 சம்பாதிக்கிறார்" என்பார்கள். இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 1,150. குறைந்தபட்சச் சம்பளம் எங்கே போயிற்று?

பணம் மட்டுமில்லை. பெயர் இல்லாதவருக்குச் சேமநிதி கிடையாது. பாம்பு கடித்தாலும், குலை விழுந்து தோள் எலும்பு முறிந்தாலும் சொக்சோவில் போய் என்ன சொல்வார், "கணவருக்குத் துணைக்குப் போனேன்" என்றா? முப்பது வருடம் இப்படிப் போய் வந்த ஓர் அக்கா, கணவர் இறந்த பிறகு என்னிடம் சேமநிதிப் பணம் எடுக்கப் பாரம் நிரப்ப வந்தார். கணவருடையதை நிரப்பி முடித்ததும், "என்னுடையது தம்பி?" என்று கேட்டார். நான் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனவே, பெயரைப் பதியச் சொல்லுங்கள். பதிந்தால் அவருக்கும் 1,700 கொடுக்க வேண்டும் என்பதால்தான் ஆபீஸ் தயங்கும்.

மருந்து அடிக்கிற வேலையும் பெரும்பாலும் பெண்களுக்கே என்று ஒதுக்கி வைத்திருந்த வேலைதான். பாராகுவாட் களைக்கொல்லியை நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். அதற்கு முன்பு எத்தனை வருடம் அதை முதுகில் சுமந்தார்கள் என்பது எந்தச் சம்பளச் சீட்டிலும் இல்லை.

கேள்வி: வங்காளதேசி, இந்தோனேசியர்கள் வந்ததால்தான் நம் சம்பளம் ஏறவில்லையாமே?

கடையில் இதைச் சொல்லாத நாளே இல்லை. பாதி உண்மை. அவர் 1,700-க்கு வேலை செய்ய மறுக்கவில்லை என்பது உண்மை. மறுக்க முடியுமா என்று யாரும் யோசிப்பதில்லை. ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்தவர், பெர்மிட்டில் ஒரு முதலாளி பெயர்தான் இருக்கும். பிடிக்காவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்குப் போக நமக்கு முடியும், அவருக்கு முடியாது.

முதலாளியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள், விஷயம் தெளியும். உள்ளூர் ஆளுக்குச் சேமநிதி மாதம் 221, வருடத்துக்கு 2,652 ரிங்கிட். அந்நியத் தொழிலாளருக்குச் சேமநிதி 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்துதான் கட்டாயம், அதுவும் 2 விழுக்காடு. மாதம் 34, வருடம் 408. தோட்டத் துறைக்கு வருட லெவி (அந்நிய ஆள் வைக்க அரசாங்கத்துக்குக் கட்டும் வரி) 640. இரண்டும் சேர்த்து 1,048. ஆள் எடுக்கும் செலவு, தங்குமிடம் தனி என்றாலும், எந்தப் பக்கம் சாய்வு என்று தெரிகிறதல்லவா? அந்தச் சாய்வை உண்டாக்கியது அவர் இல்லை. நம் தாத்தா கப்பலில் வந்தபோது அவரைப் பார்த்தும் இதே பேச்சைத்தான் பேசியிருப்பார்கள்.

கேள்வி: அப்போதெல்லாம் எப்படி இருந்தது?

1920-களின் கடைசியில் போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயித்த கூலி, ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே மரத்தை வெட்டினாலும் பத்துக் காசு குறைச்சல், அதை எழுதியே வைத்திருந்தார்கள். சீனத் தொழிலாளிக்கு அதைவிட அதிகம் கிடைத்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் செய்தவர்கள் கேட்டதில் முக்கியமானது சீனர்களுக்கு இணையான கூலி. இன்னொன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிப்பது. கூலியையும் மரியாதையையும் அவர்கள் ஒரே மனுவில்தான் எழுதினார்கள்.

கேள்வி: மலேசியக் குடும்ப வருமானம் சராசரி எட்டாயிரத்துக்கு மேல் என்கிறார்களே, யாருக்கு?

2022 கணக்கெடுப்பில் குடும்பச் சராசரி 8,479 ரிங்கிட். அதே கணக்கெடுப்பில் நடுக்குடும்பத்தின் வருமானம் 6,338. இரண்டும் ஏன் ஒன்றாக இல்லை?

எங்கள் கடை பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் 1,700, இன்னொருவர் 1,700, அடுத்தவர் 1,900, லோரி ஓட்டுகிறவர் 2,400. ஐந்தாவதாக ஒரு வக்கீல் தேத்தாரே குடிக்க வந்து உட்கார்கிறார், அவருக்கு 12,000. கூட்டி வகுத்தால் ஆளுக்கு 3,940. வரிசையாக நிற்க வைத்து நடுவில் இருப்பவரைக் கேட்டால் 1,900. வக்கீல் எழுந்து போய்விட்டால் சராசரி பாதிக்கும் கீழே இறங்கிவிடும், மற்ற நால்வர் பையிலும் ஒரு சென்கூட மாறாது. பேப்பரில் சராசரி ஏறிவிட்டது என்று படித்தால், பெஞ்சில் யார் வந்து உட்கார்ந்தார் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: 1,700-இல் குடும்பம் நடத்த முடியுமா?

2022-இல் அரசாங்கம் வைத்த வறுமைக் கோடு, குடும்பத்துக்கு மாதம் 2,589 ரிங்கிட். ஒருவர் மட்டும் சட்டப்படி முழுச் சம்பளம் வாங்கும் வீடு, வேறு வரும்படி இல்லாவிட்டால், அந்தக் கோட்டுக்குக் கீழேதான். தோட்ட வீடு இருப்பதால் வாடகை மிச்சம் என்பார்கள், உண்மைதான். 60 வயதில் ஓய்வு பெற்றதும் அந்த வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும் என்பதை யாரும் கூடவே சேர்த்துச் சொல்வதில்லை.

கேள்வி: சங்கத்தில் சேர்ந்தால் பயன் உண்டா?

உண்டு, சேருங்கள். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் தொடங்கியது. உங்கள் தோட்டம் முதலாளிகள் சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் டன் ரேட், உயரமான மரத்துக்குத் தனி ரேட் எல்லாம் இருக்கும். ஆபீஸ்காரர்களுக்கு வேறு சங்கம், வேறு ஒப்பந்தம். ஒரே வேலிக்குள் இரண்டு சங்கம் என்பது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை. நானும் அந்த இரண்டாவது சங்கத்தில்தான் சந்தா கட்டினேன்.

கேள்வி: முற்போக்குச் சம்பளக் கொள்கை நமக்கு உதவுமா?

சம்பளத்தைப் படிப்படியாக ஏற்றும் முதலாளிக்கு அரசாங்கம் ஊக்கத்தொகை தரும் திட்டம் அது. முதலாளி விரும்பிச் சேர்ந்தால்தான் உதவும். கட்டாயமில்லை. தோட்டத்தில் அதைப் பற்றி என்னிடம் இதுவரை ஒருவரும் சீட்டோடு வரவில்லை.

கேள்வி: எங்கே புகார் செய்வது? வேலை போய்விடாதா?

தொழிலாளர் இலாகாவில். வக்கீல் தேவையில்லை, காசு தேவையில்லை. இலாகாவே விசாரித்து உத்தரவு போடலாம். குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்காத முதலாளிக்கு ஒரு தொழிலாளிக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. வேலை போகுமா என்றால், பயம் நியாயமானதுதான், அதை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். அதனால் தனியாகப் போகாதீர்கள். நாலைந்து பேராகப் போங்கள். சீட்டு, வங்கிப் புத்தகம், வேலை செய்த நாள்கள் குறித்த காலண்டர் மூன்றையும் எடுத்துப் போங்கள். சீட்டே தருவதில்லை என்றால் அதுவே முதல் புகார்.

சம்பளம் மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கேள்வி: சீட்டில் முதலில் எதைப் பார்ப்பது?

எல்லாரும் கடைசி வரியைத்தான் பார்க்கிறார்கள், கையில் எவ்வளவு என்று. நான் முதலில் பார்ப்பது வேலை நாள் எத்தனை என்ற கட்டத்தை.

போன மாதம் உரம் போடும் வேலை செய்கிற ஒரு தம்பி வந்தார். சீட்டை அடையாள அட்டை உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார். கட்டத்தில் 20 நாள். அவர் மனைவி வீட்டுக் காலண்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். வேலைக்குப் போன நாளிலெல்லாம் பென்சிலில் ஒரு சின்ன வட்டம், சம்பளமில்லா லீவுக்குப் பெருக்கல் குறி. இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். 23. நான் மறுபடி எண்ணினேன், 23 தான்.

திங்கட்கிழமை பிரட்டு முடிந்ததும் அவர் ஆபீசுக்குப் போய்க் காலண்டரைக் காட்டினார். மண்டோர் ஒரு பக்கத்தைத் திருப்பாமல் விட்டுவிட்டாராம். இந்த மாதச் சீட்டில் தனி வரி: முந்தைய மாதப் பாக்கி, 196 ரிங்கிட் 14 சென்.